பத்து மெகாபிக்சலும் உன் அம்மாவின் முகமும்

தம்பி,

நம் கெடா மாநிலத்தில் ஆட்சி கைமாறிய வருஷம் அது. நாளைக்கு எண்ணெய் விலை ஏறுது என்று எவனோ சொன்னதைக் கேட்டு, பீடோங்கில் மோட்டார் சைக்கிள்கள் பெரிய ரோடு வரைக்கும் வரிசை பிடித்து நின்ற வருஷம். நம் தோட்டத்து மேட்டில் கடைசி ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனைக் கன்று நட்ட வருஷம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலண்டரில் என்ன நம்பர் என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் எந்தக் கிழமை எந்த நிரையில் எந்த மரம் விழுந்தது, யார் அழுதார்கள், யார் அழாத மாதிரி நடித்தார்கள் என்று கேள், இன்றைக்கும் சொல்கிறேன். உனக்கு அப்போது பத்தொன்பது வயசு. கூலிம் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் வெள்ளிக் கலரில் ஒரு கேமரா வாங்கிக்கொண்டு வந்தாய். சோப்புக்கட்டி அளவு. பொத்தானை அமுக்கினால் ஆமை தலையை நீட்டுகிற மாதிரி மூக்கை நீட்டும். "பத்து மெகாபிக்சல்பா! சுவர் அளவுக்குப் பெருசாக்கினாலும் அப்படியே இருக்கும்" என்றாய். நான் நம்பினேன். அந்த நம்பர்தான் இன்றைக்கு என்னை இந்தக் கடிதம் எழுதவைக்கிறது.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பீடோங் ஸ்டூடியோக்காரர். "கோபத்தைக் கொஞ்சம் குறைச்சு எழுதட்டுமாண்ணே? கல்யாண மாப்பிள்ளையாச்சே" என்று கேட்டார். "ஒரு எழுத்து குறைஞ்சாலும் வேற ஆளைப் பாத்துக்குவேன் லா" என்றேன். எழுதி முடித்ததும் ஒரு காப்பியை அவர் கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். கல்யாணப் படம் எடுக்க வருகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும். நீ தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தவன். போனில் கேட்டால் பாதியில் அறுத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் கடைசி வரைக்கும் வந்துதான் ஆகவேண்டும்.

போன வாரம் உன் கூட்டாளி காடி ஓட்டிக்கொண்டு வந்து, பத்திரிகைக் கட்டோடு ஒரு பெரிய படத்தையும் இறக்கிவைத்துவிட்டுப் போனான். தங்கக் கலரில் சட்டம், மேலே பபிள் பேப்பர் சுற்றியிருந்தது. நான் ஆசையாகத்தான் பிரித்தேன். உள்ளே ஒரு பொம்பளை சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல களையான பொம்பளை. யார் வீட்டுப் பொம்பளை என்று எனக்குத் தெரியவில்லை. சம்பந்தி வீட்டுப் படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டான் போல என்று உனக்குப் போன் போட்டேன்.

"யாருடா இது?"

"என்னப்பா, அம்மாதான்."

"எந்த அம்மா?"

"விளையாடாதீங்கப்பா. தோட்டத்துல எடுத்த அந்தப் பழைய படம் இருக்குல்ல, அதுல அம்மா ஓரத்துல மங்கலா நிப்பாங்களே, அதைப் போன்ல போட்டேன். அதுவே மூஞ்சியைத் தெளிவாக்கிக் கொடுத்துடுச்சு. இப்பல்லாம் எல்லாம் பண்ணலாம்பா."

"புருவத்துல இருந்த வெட்டு எங்கடா?"

"என்ன வெட்டு?"

என்ன வெட்டு என்று கேட்டாய், தம்பி. அதற்கு அப்புறம் நீ ஏதேதோ சொன்னாய், பெண்டாங் ஊர் மண்டபம், மூன்று வகைச் சோறு, எனக்குப் பட்டு வேட்டி. எதுவும் காதில் ஏறவில்லை. அந்த வெட்டு விழுந்தபோது உனக்கு இரண்டு வயசு. இரண்டு பால்மரங்களுக்கு நடுவே சேலையில் ஏணை கட்டி உன்னைப் போட்டுவிட்டு உங்கம்மா மரம் சீவிக்கொண்டிருந்தாள். காற்றில் ஒரு காய்ந்த கிளை முறிந்து வந்தது. ஓடிவந்து உன்மேல் கவிழ்ந்தாள். உன்மேல் ஒரு இலைகூட விழவில்லை. அவளுக்கு இடது புருவம் இரண்டாகப் பிளந்தது. அந்த வெட்டில் கடைசி வரைக்கும் மயிர் முளைக்கவில்லை. குழந்தையில் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டுதான் நீ தூங்குவாய். நீ அனுப்பிய பொம்பளைக்கு இரண்டு புருவமும் ஒரே அளவு, கோடு போட்டு வரைந்த மாதிரி. பாதி உடைந்த முன்பல்லும் இல்லை. வலது மூக்கில் மூக்குத்தி இல்லை. சிரிக்கும்போது ஒரு கண் சின்னதாகுமே, அதுவும் இல்லை. உன் போனுக்கு உங்கம்மாவைத் தெரியாது, அதைத் திட்ட மாட்டேன். உனக்குத் தெரியவேண்டாமா?

அவளுக்கு வேறு படம் இல்லை என்பது எனக்கும் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த ஒரே படத்தைக் கரையான் தின்றது. அவள் போனபோது சாவு பதியப் போன இடத்தில் மூஞ்சிப் படம் போட்ட ஐசி அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த மூஞ்சியை மட்டுமாவது வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன், அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை பாச்சே, போங்க பெரியவரே என்றார்கள். நீ கேமராவைத் தூக்கும்போதெல்லாம் அவள் "போடா, வேலை கிடக்குது" என்று முதுகைத்தான் காட்டினாள். மிஞ்சியது அந்த ஒரு படம். ஒன்பது பேர் நிற்கிற படம். அதிலும் அவளுடைய மூஞ்சி ஈர மாவை விரலால் இழுத்த மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் நினைத்தது என்ன தெரியுமா? அவள்தான் தலையை ஆட்டிவிட்டாள் என்று நினைத்தேன். செத்தவள்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய படத்தை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணி ஆடலண்ணே. ஆடியிருந்தா ரெண்டு மூணு கோடா இழுத்திருக்கும். இது லென்ஸோட வேலை" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? யாரோ வீசிவிட்டுப் போன பழைய சின்னக் கேமரா ஒன்றைத் தேடி எடுத்தார், உன்னுடையது போலவே மூக்கை நீட்டுகிற சாதி. என்னை நடு நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம். கேமராவை அசைக்காமல், என்னைச் சுவர் ஓரத்துக்குத் தள்ளி இன்னொரு படம். இரண்டையும் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிக் காட்டினார். நடுவில் இருந்த என் தாடியில் வெள்ளை மயிரை எண்ணலாம். ஓரத்தில் இருந்தவனுக்குக் காது பப்பாளித் துண்டு மாதிரி நீண்டு கிடக்கிறது, கண் எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரே கேமரா, ஒரே ஆள். நான் ஆடவும் இல்லை, அசையவும் இல்லை.

"சட்டைப் பையில அடங்கணும்னு லென்ஸை இம்மாத்தூண்டு பண்ணி, நாலஞ்சு கண்ணாடியை உள்ள நெருக்கி அடுக்கிடுறான். சிலதுல பிளாஸ்டிக்கையே கண்ணாடியா வைக்கிறான். நடுவுல வர்ற வெளிச்சத்தை எப்படியோ ஒழுங்கா இறக்கிடும். ஓரத்துல சாஞ்சு வர்றதை அதால பிடிக்க முடியல" என்றார். "அப்ப சின்னக் கேமரா எல்லாமே மோசமா?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. அதே அளவுல, நல்ல கண்ணாடி போட்டுக் கவனமா செஞ்சதும் இருந்துச்சு. ஆனா கடைக்கு வர்றவன் எல்லாம் எத்தனை பிக்சல்னுதான் கேப்பான். லென்ஸ் எப்படின்னு கேட்டவனை நான் விரல் விட்டு எண்ணிடுவேன்."

அப்போதுதான் எனக்கு வெளிச்சமானது. நான் நாற்பது வருஷம் பால் வெட்டினவன். மரத்துக்குப் பால் பிடிக்கிற மங்கு ஒன்று கட்டினாலும் பத்து மங்கு கட்டினாலும், உளி போட்ட வெட்டு சரியாக இருந்தால்தான் பால் இறங்கும். வெட்டு கோணினால் பால் பட்டையில் வழிந்து மண்ணுக்குப் போகும், மங்கு காலியாகக் கிடக்கும். உன் பத்து மெகாபிக்சல் என்பது மங்கு, தம்பி. லென்ஸ்தான் வெட்டு. நீ மங்கை எண்ணிப் பெருமைப்பட்டாய். ஓரத்து மங்கில் உங்கம்மாவின் மூஞ்சி வந்து விழவே இல்லை. விழாத பாலை இத்தனை வருஷம் கழித்து எந்தப் போன் வந்து ஊற்றும்? அது வேறு எங்கேயோ இருந்து பாலை மொண்டு உன் மங்கில் ஊற்றியிருக்கிறது. நீயும் நம் மரத்துப் பால் என்று சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய்.

ஸ்டூடியோக்காரர் இன்னொன்றும் சொன்னார், அதையும் கேட்டுக்கொள். ஒன்பது பேரும் அடங்கவேண்டும் என்று நீ லென்ஸை அகலமாகத் திறந்து கிட்டத்தில் நின்று எடுத்திருக்கிறாய். அப்படி எடுத்தால் ஓரத்தில் நிற்கிறவர்களை இழுத்துக் கெடுக்குமாம். பத்தடி பின்னால் போய், கொஞ்சம் ஜூம் இழுத்து எடுத்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காதாம். ஏன் பின்னால் போகவில்லை? எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் முதுகுக்குப் பின்னால் லோங்காங், தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். முந்தின நாள் மழையில் சேறும் தண்ணீரும். நீ காலில் புதுச் சப்பாத்து போட்டிருந்தாய். "தாண்டி அந்தப் பக்கம் போய் எடுடா" என்று எங்களை மேய்க்கிற மண்டோர் சொன்னார். "வேணாம் மண்டோர், இங்கேருந்தே எல்லாரும் வர்றாங்க" என்றாய். இடது பக்கம் மரங்களுக்கு இடையில் காலை வெயில் நேரே லென்ஸில் அடித்தது. அதுவும் உங்கம்மா தலைக்கு மேலேயே வெள்ளைப் புகை மாதிரி இறங்கிவிட்டது. கையால் ஒரு மறைப்புப் பிடித்திருந்தால் போதுமாம். உனக்குச் சப்பாத்து பெரிசாகப் போய்விட்டது.

உன்னை ஏசியது போதும், இப்போது என்னை ஏசப் போகிறேன். இதை எழுதும்போது ஸ்டூடியோக்காரர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்க தம்பி, நிறுத்தாதீங்க.

அன்றைக்குக் கடைசி வெட்டு. அத்தோடு நாங்கள் ஒன்பது பழைய ஆட்களும் வேலையை விட்டு நிற்கிறோம். படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் பால் ஸ்டோர் குழாயில் குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். நம் தோட்டத்து முறை உனக்குத் தெரியும். நடுவில் மூன்று நாற்காலி, அதில் ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி, மண்டோர், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா. பின்னால் மற்றவர்கள், வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி. அந்த வரிசைப்படி எனக்கு நடு இடம். உங்கம்மா என்னோடு அதே மாசம் பெயர் கொடுத்தவள், அதனால் அவள் இடம் என் பக்கத்தில். அவள் தன் நிரையின் கடைசி மரத்தை முடிக்காமல் வரமாட்டேன் என்று முடித்துவிட்டு, பால் கறை ஒட்டிய சட்டையோடு, தலைத்துண்டோடு, பால் வாளி தொங்குகிற காண்டாக் கழியைத் தோளில் இருந்து இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்க, "நான் உங்க பக்கத்துல நின்னுக்கிறேங்க" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தக் கோலத்துல நடுவுல வந்து நிக்காதே. நாறுது. ஓரமாப் போய் நில்லு" என்றேன்.

அவள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள். போனாள். இடது கோடிக்குப் போய் நின்றாள். கிராணி சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் உடம்பில் இருந்தது நாற்பது வருஷம் நமக்குச் சோறு போட்ட பால் நாற்றம். நீ பிறக்கப் பதினோரு வருஷம் காத்திருந்தபோதும், நான் காய்ச்சலில் இரண்டு மாசம் கிடந்தபோதும், அந்த நாற்றம்தான் அடுப்பை எரியவைத்தது. எனக்குக் கிராணி பக்கம் நிற்கும்போது அது அசிங்கமாகப் போய்விட்டது.

என் இன்னொரு பக்கத்தில், ஆயாவின் நாற்காலிக்குப் பின்னால், ஒருத்தி நின்றாள். உங்கம்மாவுக்குப் பக்கத்து நிரைக்காரி, நமக்குப் பக்கத்து வீடு. குளித்து, பூ வைத்து, பச்சைச் சேலையில் வந்திருந்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவளுக்கு நடு இடம் கிடைத்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, உங்க சட்டை வெளுப்பா இருக்கு, மனசை எந்தக் குழாயில கழுவுவீங்க?" என்றாள். சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்து போய் உங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றாள். நீ "ரெடி, ரெடி" என்று கத்தி அமுக்கினாய். அவளுடைய மூஞ்சியும் பாதி கரைந்துதான் போயிருக்கிறது.

படத்தை இப்போது எடுத்துப் பார். என் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம். அதற்குப் பின்னால் ஒரு பால்மரம். பட்டையில் வெட்டின கோடு கோடாகத் தெரிகிறது. மங்கு தெரிகிறது. மங்கின் விளிம்பில் காய்ந்த பால்கூடத் தெரிகிறது. அந்த இடத்தில் உன் சின்ன லென்ஸ் நன்றாகத்தான் பார்த்திருக்கிறது. அங்கே நின்றிருக்க வேண்டியவளைத்தான் நான் விரட்டிவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் புருவத்து வெட்டுகூட விழுந்திருக்கும். அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அவள் போய்விட்டாள். அந்தச் சொல்லுக்கு நான் அவளிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. பொண்டாட்டியிடம் யார் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று இருந்துவிட்டேன். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருகிறாள். வேலை முடித்து, வேர்வையோடு, உன் கூட்டாளிகள் முன்னால் உன் பக்கத்தில் வந்து நிற்பாள். அப்போது நீ என்ன சொல்கிறாய் என்பதுதான் கல்யாணம். மண்டபமும் மூன்று வகைச் சோறும் அதற்கு அப்புறம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மணவறையில் பாத பூஜைக்கு என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து நாற்காலியில் அந்தத் தங்கச் சட்டப் படத்தை வைக்கப் போவதாகச் சொன்னாய். தண்ணீர் ஊற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, நீயும் மருமகளும் விழுந்து கும்பிடப் போகிறீர்களாம். டேய், யாரோ ஒருத்தியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்காரவைத்து அவளை அம்மா என்று கும்பிடப் போகிறாயா? உங்கம்மா கேட்டு நான் கொடுக்காத இடம் அது. அதை ஒரு போன் வரைந்த பொம்பளைக்குக் கொடுக்க என்னால் முடியாது. அந்தப் படம் அந்த நாற்காலியில் இருந்தால் நான் மண்டபத்து வாசலைக்கூட மிதிக்க மாட்டேன். சாதி சனம் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். தங்கச் சட்டத்தை ஸ்டூடியோவிலேயே வைத்துவிட்டேன், முகம் சுவரைப் பார்த்து நிற்கிறது.

பழைய படம் மங்கலாக இருந்தால் இருக்கட்டும். அது அவள்தான். உண்மையாக நின்ற ஆளின்மேல் பட்ட வெளிச்சம் அது, கெட்ட லென்ஸ் வழியாக வந்தாலும். அதை வேண்டுமானால் படையலில் வை. நாற்காலியில் எந்தப் படமும் வேண்டாம். படம் இல்லாத பெரியவர்களுக்கு நம் ஆட்கள் என்ன வைப்பார்கள்? மடித்த சேலை, அதன்மேல் மஞ்சள் தண்ணீர் செம்பு. அவளுடைய சேலை ஒன்று என்னிடம் இருக்கிறது. அலசி மடித்து வைத்திருக்கிறேன். பால் கறை போகவில்லை. போகவும் வேண்டாம்.

அந்தச் சேலையையும் செம்பையும் தூக்கிவந்து என் பக்கத்து நாற்காலியில் வைக்க ஒரு ஆள் வேண்டும். யார் என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். ஒன்பது பேரையும் சொல்லிப் பார்த்தேன். கிராணிக்குச் சர்க்கரையில் கால் போய், அப்புறம் ஆளும் போனார். மண்டோர் மகன் வீட்டுக்குப் போன மூன்றாம் மாசம். ஆயா தூக்கத்தில். ஸ்டோர் காவல்காரர் மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரி அடித்து. வெட்டுக்காரர் அண்ணன் தம்பி இரண்டு பேரும் கொரோனாவில், ஒரே வாரத்தில். உங்கம்மா. இருக்கிறது நான், எனக்கும் நாள் அதிகம் இல்லை. என்னை விட்டால் அந்தப் புருவத்து வெட்டு எந்தப் பக்கம் என்று சொல்ல உலகத்தில் இன்னும் ஒருத்திதான் உயிரோடு இருக்கிறாள், அந்தப் பச்சைச் சேலைக்காரி. கூலிமில் மகள் வீட்டில், ஐந்தாவது மாடியில். அன்றைக்குப் போனில் உன்னிடம், "அம்மா பக்கத்துல பச்சைச் சேலையில நிக்கிறது யாரு?" என்று கேட்டேன். "யாரோ பக்கத்து வீட்டு அத்தைப்பா, பேர் மறந்துட்டேன்" என்றாய். தாலி அறுத்தவளை எப்படி மணவறையில் ஏற்றுவது என்று எவனாவது கேட்டால், அவனை என்னிடம் அனுப்பு. நீயே போ. காடியில் ஏற்றி, முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவா. கதவைத் தட்டும்போது அத்தை என்று மட்டும் கூப்பிட்டு நிற்காதே, பெயரைச் சொல்லிக் கூப்பிடு: அஞ்சலை.